தனித் தலை

பெண் பார்க்கப் போகும்போது என்னென்ன பந்தா உண்டோ அத்தனையும் பண்ணிக்கொண்டுதான் கோதண்டபாணி அன்றைக்குத் தலை பார்க்க உட்கார்ந்தார். பட்டுக்கரை வேட்டி, விரலுக்கு விரல் மோதிரம், பக்கத்தில் தலையாட்டுவதற்கென்றே பிறந்த செயலாளர் வரதப்பன், முன்னால் தட்டு நிறைய மிக்சர். கோதண்டபாணி மேற்படியார் மகா சங்கத்தின் தலைவர். மேற்படியார் என்றால் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். தங்களைத் தவிர மற்ற எல்லாரும் கொஞ்சம் மட்டம் என்று நினைத்துக்கொண்டு திரிகிற கும்பல் உங்கள் ஊரிலும் ஒன்று இருக்குமே, அந்தப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். கதை கெட்டுப்போகாது.

தலை என்றால் கழுத்துக்கு மேலே இருக்கிற இதே தலைதான். ஒரு காலத்தில் வெப்சைட்டுகளை எல்லாம் இயந்திரங்களில் வைத்திருந்தார்கள். அந்த இயந்திரங்களுக்குச் சூடு தணிக்க ஏரி ஏரியாகத் தண்ணீர் போனது. குழாயில் காற்று மட்டும் வர ஆரம்பித்ததும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசாங்கம் சர்வர் கூடங்களை இழுத்து மூடியது. அப்புறம்தான் மனுஷ மண்டைக்குள் முக்கால்வாசி இடம் சும்மா கிடக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மேற்படியார் சங்கத்துப் பொதுக்குழுவுக்கு ஒரு தடவை வந்திருந்தால் அதை இன்னும் சீக்கிரமே கண்டுபிடித்திருக்கலாம். காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு வில்லை, அவ்வளவுதான். தலை வெப்சைட்டைச் சுமக்கும், ஆள் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கலாம்.

தலைகளை ஏற்பாடு செய்து கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஜெசிந்தா என்ற பெண்மணி வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கோதண்டபாணியின் மோதிரங்களை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல்.

"நீங்க எந்தப் பக்கம்மா?" என்றார். ஊரைக் கேட்கிற மாதிரி சாதியைக் கேட்பது அவருக்குக் கைவந்த கலை.

"வாசல் பக்கம் சார். காத்து வரும்னு உட்கார்ந்திருக்கேன்."

வரதப்பன் சிரிக்கலாமா கூடாதா என்று தலைவர் முகத்தைப் பார்த்தார். கூடாது என்று தெரிந்ததும் மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப உங்க சங்கத்துக் கல்யாண வெப்சைட்டு பொதுத் தலைல இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா. "அதாவது பொடிப்பொடியா நறுக்கி ஆயிரக்கணக்கான பேர் தலைல தூவி வச்சிருக்கோம். பஸ்ல போறவங்க, வயல்ல நிக்கிறவங்க, யார் வேணா இருக்கலாம். ஆளுக்கு ஒரு துளிதான், அவங்களுக்கு ஒரு பாதிப்பும் கிடையாது. என்ன, எப்பவாவது ஒரு துளி வாய்வழியா கசியும்."

"கசிஞ்சதே!" என்று கோதண்டபாணி மேஜையைத் தட்டினார். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டீ மாஸ்டர் கிளாஸை நீட்டிக்கிட்டே கேக்கிறான், 'ஐயா, உங்க பையனுக்குச் செவ்வாய் தோஷமாமே, மறைச்சு வச்சிருக்கீங்களாமே'ன்னு. எங்க வீட்டு ஜாதகம் எவன் எவன் மண்டையில உட்கார்ந்திருக்கு பார்த்தியா?"

பையனின் தோஷம் வெளியே வந்தது கூட அவருக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அதைச் சொன்ன வாய்தான் உறுத்தியது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்தார் மனுஷன். ஜாதகத்தை எப்படிக் குளிப்பாட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"அப்ப தனித் தலைதான் வழி" என்றாள் ஜெசிந்தா. "ஒரே ஆள். உங்க தளம் முழுக்க அவர் தலையிலேயே குடியிருக்கும். வேகமா இருக்கும், கசியாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இடம் பத்தாமப் போகும்போது உங்க தளம் அவங்களோடதைத் தள்ளிட்டு உட்காரும். முதல்ல தெரிஞ்ச பாட்டு மறக்கும். அப்புறம் வீட்டுக்குப் போற வழி. அப்புறம் முகங்கள்."

"அது அவங்க பாடு."

"இன்னொண்ணும் இருக்கு. என்ன தள்ளினாலும் போகாதது ஏதாவது அவங்ககிட்ட இருந்தா, அது உங்க தளத்துல ஒட்டிக்கும். கறை மாதிரி. வேற தலைக்கு மாத்தினாலும் கறையோடதான் போகும். எடுக்கணும்னா தலையைச் சுத்தமா அலசணும். எங்க தொழில்ல அதைத் தலைமுழுக்குன்னு சொல்வோம். அதுக்கப்புறம் அந்த ஆள்கிட்ட அவரோடதுன்னு எதுவுமே மிச்சம் இருக்காது."

கோதண்டபாணி கடகடவென்று சிரித்தார். "தலைமுழுகுறது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லம்மா."

இந்தத் தடவை வரதப்பனும் சிரித்தார். ஏனென்றால் அந்தத் தலைமுழுக்கு, இவர்கள் உட்கார்ந்திருந்த இதே சங்கத்துக் கல்யாண மண்டபத்தில்தான் நடந்தது.

கோதண்டபாணிக்கு ஒரு மகள் இருந்தாள், பூங்கோதை. மனைவி போன பிறகு வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தவள். அவளுக்கு ஒரு வரனை முடித்துத் தட்டும் மாற்றிவிட்டு வந்து சொன்னார். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையேப்பா" என்றாள். "உன்னைக் கேக்கிறதுக்கு நீ யாரு?" என்றார் இவர். கேட்காமலே அவளுக்கு ஒரு பதில் இருந்தது. பேட்டரிக் கடை வைத்திருந்த முகிலன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் மேற்படியார் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் கோதண்டபாணி மைக்கைப் பிடித்து, "எனக்கு மகளே கிடையாது, தலைமுழுகியாச்சு" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது. அந்த ஜோரிலேயே இரண்டு விதிகளும் போட்டார். ஓடிப்போன பிள்ளையை மறுபடியும் தன் பிள்ளை என்று வாயால் சொல்கிறவன் சங்கத்தில் எந்தப் பதவியிலும் இருக்கக்கூடாது. சங்கத்துத் தளம் மங்கள முத்திரை போடாத கல்யாணம் கல்யாணமே இல்லை. தளத்தில் பூங்கோதை பெயருக்கு நேரே 'அமரர்' என்று போடவும் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு! கொஞ்ச நாளில் முகிலனின் கடை எரிந்தது. யார் எரித்தார்கள் என்று கோதண்டபாணிக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

"தனித் தலையே போடுங்க" என்றார் ஜெசிந்தாவிடம். "ஆனா நம்ம ஆளா இருக்கணும். கலப்பு கிலப்பு இல்லாம, சுத்தமா நம்ம ரத்தம்."

"தலைக்கு என்ன சார் ரத்தம்?"

"அது உனக்குப் புரியாதும்மா."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. குறித்துக்கொண்டு எழுந்து போனாள்.

சங்கத்துக்காக உயிரையே கொடுப்போம் என்று மேடைக்கு மேடை கத்துகிறவர்கள் மேற்படியார். தலையைக் கொடு என்றதும் பார்க்க வேண்டுமே. ஒருத்தனுக்கு ஒற்றைத் தலைவலி. ஒருத்தனுக்கு ஜோசியர் தலையில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். வரதப்பனைக் கேட்டதற்கு, "என் தலையே தலைவருடையதுதான், ரெண்டு பேருக்கு எப்படி இடம் இருக்கும்?" என்று நெளிந்தார். இனமானச் சிங்கங்கள் எல்லாம் ஓசைப்படாமல் நழுவிவிட்டன. கடைசியில் ஜெசிந்தாதான் போன் பண்ணினாள்.

"ஒரு ஆள் கிடைச்சிருக்காங்க சார். உங்க சமூகம்தான். நீங்க கேட்ட மாதிரி ரத்தப் பரிசோதனை வரைக்கும் பார்த்தாச்சு. சட்டப்படி பேரைப் போன்ல சொல்ல மாட்டோம், நேர்ல வந்தா பார்க்கலாம். வர்றீங்களா?"

"வாடகைத் தலையைப் போய் நான் எதுக்கும்மா பார்க்கணும்? போட்டுடு."

தளம் ஜம்மென்று ஓடியது. பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொன்னது. யாருடைய தோஷமும் எந்த டீக்கடையிலும் கசியவில்லை. "நம்ம ரத்தம்னா நம்ம ரத்தம்தான்யா" என்று கோதண்டபாணி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டார். மகன் பிரசன்னாவுக்குச் சேலத்தில் பெரிய இடமாகப் பார்த்து முடித்தார். மில்காரர் பெண். செவ்வாய் தோஷம் பக்குவமாக மறைந்துவிட்டது. இனி மங்கள முத்திரை விழ வேண்டியதுதான் பாக்கி.

முத்திரை விழவில்லை.

அதற்குப் பதிலாக மில்காரர் மகளின் போனில் ஒரு கேள்வி வந்தது. 'உனக்குச் சம்மதமா?' அவ்வளவுதான். சங்கத்துத் தளத்தில் நட்சத்திரம் கேட்பார்கள், கோத்திரம் கேட்பார்கள், நிறம் கேட்பார்கள், என்ன செய்வீர்கள் என்று பெண் வீட்டைக் குடைந்து எடுப்பார்கள். பெண்ணிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்று அமுக்கிவிட்டாள். தளம் பணிவாக, 'நன்றி, வரன் நீக்கப்பட்டது' என்றது.

மில்காரர் போனில் கத்திய கத்தில் கோதண்டபாணியின் காது அன்றைக்கு முழுக்க அடைத்தே இருந்தது. அது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அந்தத் தை மாதத்தில் முடிவான வரன்களில் பாதி புட்டுக்கொண்டது. அப்பன்மார்கள் எல்லாம் மண்டபத்து வாசலில் வந்து நின்றார்கள். "எங்க பொண்ணுகளை எதிர்த்துப் பேச வைக்கிறதுக்கா சங்கம் நடத்துறீங்க?" முத்திரை இல்லாமல் கல்யாணம் செய்யலாம் என்றால், அது கூடாது என்று விதி போட்டதே இவர். தலைவர் தேர்தல் வேறு பக்கத்தில் இருந்தது. மகனின் கல்யாணமும் போய் நாற்காலியும் போய்விடும் என்றதும்தான் வாடகைத் தலையைப் பார்க்க அவருக்குக் கால் வந்தது.

காரை வரதப்பன் ஓட்டினார். அரியமங்கலத்தில் சந்துக்குள் சந்தாகப் போய் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் நின்றது. ஜெசிந்தா முன்னாடியே வந்து காத்திருந்தாள். சந்தின் சாக்கடையைப் பார்த்ததும் வரதப்பன் காரிலேயே இருந்துவிட்டார். கோதண்டபாணி மட்டும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மேற்படியாரில் இப்படி ஒரு வீட்டில் குடியிருக்கிற தரித்திரம் பிடித்தவன் எவன் என்று ஒரு இளக்காரம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் முடியை மழித்திருந்தார்கள். தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்து முகிலன் ஊட்டிக்கொண்டிருந்தான்.

கோதண்டபாணியின் கையிலிருந்து வேட்டி நழுவியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் நிஜமாகவே தகப்பனாக நின்றார். அதை இல்லை என்று சொன்னால் பொய்.

"பூங்கோதை" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மரியாதையாகச் சிரித்தாள், கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "வணக்கம். பூங்கோதைங்கிற பேர்லங்களா?" கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் தேடினாள். "அந்த வரன் இல்லீங்க. அமரர்னு போட்டிருக்கு." அப்புறம், "சின்ன வயசுதாங்க, பாவம்" என்றாள்.

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், இவங்க உங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடை போனப்புறம் எங்களுக்கு யாரும் வேலை குடுக்கல" என்றான் முகிலன். குரலை உயர்த்தவே இல்லை. "உங்க ஆளுங்களுக்குப் பயந்துக்கிட்டு. நீங்க நம்ம ரத்தம்தான் வேணும்னு கேட்டீங்களாம், இவ போனா. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். 'நம்ம அப்பா தளம்தானே, என்ன ஆயிடப் போகுது'ன்னா. முதல்ல பாட்டு போச்சு. அப்புறம் தெருமுனைக் கடைக்குப் போயிட்டு வழி தெரியாம நின்னா. போன மாசம் என்னைப் பார்த்து நீங்க எந்த ஊர் மாப்பிள்ளைன்னு கேட்டா. எல்லாம் போச்சு. அந்தக் கேள்வி மட்டும் போகல."

கோதண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். சமையலறை வாசல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்த சுவடு தெரியாமல் அதை விரட்டியும் விட்டார். அதில் அவர் பழகின கை.

"அந்தக் கறையை எடுக்க என்னம்மா செய்யணும்?" என்றார் ஜெசிந்தாவிடம்.

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தெருவில் செத்த எலி கிடந்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை. "தலைமுழுக்கு. அதுக்கு அவங்க சம்மதம் வேணும். இப்ப அவங்களால சொல்ல முடியாது. அதனால உறவு யாராவது சொல்லணும். கட்டினவர், இல்லேன்னா பெத்தவர்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றான் முகிலன். "அந்த ஒரு கேள்விதான் சார் அவ. அதையும் கழுவிட்டா நான் யாருக்குச் சோறு ஊட்டறது?"

"அப்ப நீங்கதான் சார்" என்றாள் ஜெசிந்தா. பையிலிருந்து சின்ன மைக் ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "கையெழுத்து எல்லாம் வேண்டாம். 'இவள் என் மகள், அலசச் சம்மதிக்கிறேன்.' அவ்வளவு சொன்னாப் போதும். அரசாங்கத் தளத்துல பத்து நிமிஷத்துல ஏறிடும், யார் வேணா கேட்கலாம். உங்க சங்கமும் கேட்கலாம்."

மைக் என்றால் கோதண்டபாணிக்கு உயிர். எந்த மைக்கைப் பார்த்தாலும் கை தானாக நீளும். இந்த மைக்கைப் பார்த்து அவர் ஒரு எட்டு பின்னால் போனார்.

சொன்னால் கறை போகும், சேலத்துச் சம்பந்தத்தைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பப் பிடித்துவிடலாம். ஆனால் சொன்ன நிமிஷமே பதவி போகும். அவரே போட்ட விதி, அவரே வாங்கின கைதட்டல். மகளை அடியோடு அழிக்க வேண்டும் என்றால் முதலில் அவளை மகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு பொறியில் எவன் மாட்டியிருப்பான்? வாயைத் திறந்தார். 'இவள்' என்பது வரைக்கும் வந்தது.

பூங்கோதை அவரையே ஆர்வமாகப் பார்த்தாள். வரன் பார்க்க வந்தவரிடம் கேட்கிற மாதிரி, "உங்களுக்குச் சம்மதமாங்க?" என்றாள்.

"இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு கோதண்டபாணி வெளியே வந்தார். நாற்காலிதான் ஜெயித்தது. தகப்பனாவது மண்ணாங்கட்டியாவது! முதுகுக்குப் பின்னால் முகிலன், "இன்னும் ஒரு வாய்தான்மா" என்று சொல்வது கேட்டது. அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

காரில் வரதப்பன் கதவைத் திறந்து வைத்திருந்தார். "யாரு தலைவரே? தலை நம்ம ஆள்தானே? சந்தைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கு. வேற எவனாவது இருந்தா இன்னைக்கே கூட்டத்தைக் கூட்டி விசாரிச்சிருவோம்."

கூட்டம், விசாரணை என்றதும் கோதண்டபாணிக்கு உயிரே போய்விட்டது. விசாரித்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவார்கள்.

"நம்ம ஆள்தான்யா" என்றார் அவசரமாக. "நானே என் கண்ணால பார்த்தேன். சுத்தமா நம்ம ரத்தம்."

அன்றைக்குப் பூராவும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"அப்ப சரி" என்று வரதப்பன் வண்டியைக் கிளப்பினார். "நம்ம ஆள் கேக்கிற கேள்வின்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்."

வரதப்பனின் மூளை எப்போதாவதுதான் வேலை செய்யும். வேலை செய்தால் இப்படித்தான் செய்யும். கேள்வி போகப் போவதில்லை என்று தெரிந்ததும், வாசலில் நிற்கிற அப்பன்மார்களுக்கு ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. 'பெண்ணின் சம்மதம் கேட்பது மேற்படியாரின் ஆதிகால வழக்கம், நடுவில் வந்தவர்களால் மறைந்துபோனது' என்று ஒரு அறிக்கை விட்டார். அடுத்த வாரமே அதற்கு ஒரு கல்வெட்டும் கிடைத்துவிட்டது. அப்பன்மார்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். ஆதிகாலம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கூட்டத்தை எதையும் விழுங்க வைக்கலாம். தாலி கட்டுவதற்கு முன்னால் சங்கத் தலைவரே மேடை ஏறி, சபையறிய அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். கோதண்டபாணிதான் கைதூக்கி வழிமொழிந்தார். வேறு என்ன செய்வார்?

வைகாசியில் முதல் முகூர்த்தம். அதே மண்டபம், அதே மைக். கோதண்டபாணி மறுபடியும் தலைவராகி, மாலையும் கையுமாக மேடை ஏறினார். மணப்பெண் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். நாயனக்காரர் வாயருகே சீவாளியை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சபை மொத்தமும் இவர் வாயைப் பார்த்தது.

மைக்கை வாங்கினார். சொற்பொழிவு என்றால் மணிக்கணக்காகப் பொழிகிறவருக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. வரதப்பன் பின்னாலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"உனக்கு..." என்றார் கோதண்டபாணி. மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "உனக்குச் சம்மதமாம்மா?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் கோதண்டபாணியை நேருக்கு நேராகப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன். கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

நின்றார்.